சம்பந்தம் செய்த 16 வீடுகள்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கும் என் தங்கை மகள் கயலுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் ஒரு பெரியவர். பாயசத்தை உறிஞ்சி முடித்துவிட்டு, "எந்தக் காலத்துலயும் அந்தஸ்து பார்த்துத்தான் சம்பந்தம் பண்ணுவாங்க" என்று ஒரு போடு போட்டார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

கயல் தலையாட்டவில்லை. அவள் ஏழாம் வகுப்பு. யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பருவம். கை கழுவுகிற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, அந்தத் தாத்தா சொன்னது நெஜமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ரெண்டு விஷயம் வேணும். எந்த வீடும் எந்த வீடும் சம்பந்தி, அது ஒண்ணு. ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு சொத்து, அது இன்னொண்ணு."

"இங்கயே கேட்டு எழுதிக்கலாமா?"

"சொத்துக் கணக்கைக் கேட்டா அடுத்த பந்தி நமக்குக் கிடைக்காது. ஆனா கிட்டத்தட்ட 600 வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில ஒரு ஊர்ல இது ரெண்டும் எழுத்துல இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வா."

அந்த ஊரின் பெயர் ஃபுளோரன்ஸ். மிலானோடு ஓயாத போர். கஜானா காலி. யாரிடம் எவ்வளவு வரி கேட்பது என்று தெரியவில்லை. அதனால் 1427-இல் அரசு ஒரு உத்தரவு போட்டது: ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு, நிலம், வியாபாரம், கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவுக்குக் கடாஸ்டோ என்று பெயர். அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. வரி கட்டியவர்கள் அன்று எவ்வளவு முணுமுணுத்தார்களோ, ஆராய்ச்சியாளர்களுக்கு இன்று அவ்வளவு கொண்டாட்டம்.

அந்த ஊரின் பெரிய குடும்பங்களுக்குள் யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யாரிடம் பெண் எடுத்தார்கள் என்பதையும் வரலாற்று அறிஞர்கள் தொகுத்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் வைத்து ஜான் பேட்ஜெட், கிறிஸ்டஃபர் ஆன்செல் என்ற இரண்டு பேர் 1993-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். மெடிச்சி என்ற ஒரு வங்கிக் குடும்பம் எப்படி ஊரையே கைக்குள் கொண்டுவந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்தத் தகவலிலிருந்து 16 குடும்பங்களை மட்டும் எடுத்த ஒரு சின்னப் படம் உண்டு. வலைப்பின்னல் கணக்கு படிக்கிறவர்களில் பலருக்கு அதுதான் முதல் பயிற்சி. நாங்களும் அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் 16 புளியங்கொட்டைகளைப் பரப்பினோம். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு குடும்பம். பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து 16 சீட்டு செய்து, 1427-இன் சொத்தை ஆயிரம் லீரா கணக்கில் எழுதினோம். ஃபேன் சீட்டைப் பறக்கடித்ததால் அதை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்தோம். நீங்களும் செய்து பார்க்க வேண்டும் என்றால் இதோ சொத்துப் பட்டியல்:

ஸ்ட்ரோட்ஸி 146, மெடிச்சி 103, பார்படோரி 55, பெருட்ஸி 49, பாட்ஸி 48, டோர்னாபுவோனி 48, பிஸ்கேரி 44, லாம்பெர்டெஸ்கி 42, அல்பிட்ஸி 36, ஜினோரி 32, ரிடோல்ஃபி 27, காஸ்டெல்லானி 20, அச்சியாயுவோலி 10, சால்வியாட்டி 10, குவாடானி 8, புச்சி 3.

சொத்து 3 என்றதும் ஓலைக் குடிசையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் எல்லோருமே ஊரில் பேர் சொல்லும் வீட்டுக்காரர்கள்தான். பெரிய வீடுகளுக்குள்ளே சின்ன வீடு, அவ்வளவுதான்.

அடுத்து கல்யாணம். எந்த இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் உண்டோ, அந்த இரண்டு கொட்டைக்கும் நடுவே ஒரு தையல் நூல். மொத்தம் 20 நூல். மெடிச்சி வீட்டிலிருந்து மட்டும் 6 போகிறது: அச்சியாயுவோலி, அல்பிட்ஸி, பார்படோரி, ரிடோல்ஃபி, சால்வியாட்டி, டோர்னாபுவோனி. ஸ்ட்ரோட்ஸியிலிருந்து 4: பிஸ்கேரி, காஸ்டெல்லானி, பெருட்ஸி, ரிடோல்ஃபி. குவாடானியிலிருந்தும் 4: அல்பிட்ஸி, பிஸ்கேரி, லாம்பெர்டெஸ்கி, டோர்னாபுவோனி. மிச்சம் 6 நூல்: அல்பிட்ஸிக்கும் ஜினோரிக்கும், பார்படோரிக்கும் காஸ்டெல்லானிக்கும், பிஸ்கேரிக்கும் பெருட்ஸிக்கும், காஸ்டெல்லானிக்கும் பெருட்ஸிக்கும், பாட்ஸிக்கும் சால்வியாட்டிக்கும், ரிடோல்ஃபிக்கும் டோர்னாபுவோனிக்கும். புச்சிக்கு ஒரு நூலும் இல்லை. அது மேசை ஓரத்தில் தனியாகக் கிடந்தது. கயல் அதன் மேல் ஒரு விரலை வைத்து, "பாவம்" என்றாள்.

இப்படிப் புள்ளியும் நூலுமாக வரைகிற படத்துக்கு வலைப்பின்னல் என்று பெயர். புள்ளியைக் கணு என்பார்கள். கணுவின் மேல் ஒட்டியிருக்கிற விவரம், இங்கே சீட்டில் எழுதிய சொத்து, அந்தக் கணுவின் பண்பு. பண்பு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1930-களில் அமெரிக்காவில் ஜேக்கப் மொரேனோ என்ற மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளிடம், பக்கத்தில் யார் உட்கார்ந்தால் உனக்குப் பிடிக்கும் என்று கேட்டு அதைப் படமாக வரைந்தார். பையன்களுக்கு முக்கோணம், பெண் பிள்ளைகளுக்கு வட்டம். சின்ன வகுப்புப் படத்தில் முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே தாராளமாகக் கோடு ஓடியது. நான்காம் வகுப்புப் படத்தில் முக்கோணம் ஒரு பக்கம், வட்டம் ஒரு பக்கம். நடுவே கோடு அநேகமாகக் காணோம். (உங்கள் வகுப்பு பெஞ்சைப் பார்த்தால் இதற்குப் படமே வேண்டாம்.) இப்படிப்பட்ட பண்பில் வித்தியாசம் பார்ப்பது சுலபம். ஒன்று, இரண்டும் ஒரே வகை. இல்லாவிட்டால் வேறு வகை. நடுவில் எதுவும் இல்லை.

சொத்து அப்படி இல்லை. 10-க்கும் 20-க்கும் வித்தியாசம் உண்டு, 10-க்கும் 103-க்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே வித்தியாசமா? அதனால் இங்கே கழித்துத்தான் பார்க்க வேண்டும். பெரியதிலிருந்து சிறியதைக் கழி. வருகிற எண் அந்த நூலின் இடைவெளி. அந்தஸ்து பார்த்துச் சம்பந்தம் செய்திருந்தால் நூல் உள்ள இடத்திலெல்லாம் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். இனம் இனத்தோடு சேரும் என்று சொல்கிறோமே, அதன் கணக்கு வடிவம் இது.

கயல் கழிக்க, நான் எழுத, இருபது எண்ணும் வந்தது. அல்பிட்ஸி, ஜினோரி: 4. பிஸ்கேரி, பெருட்ஸி: 5. "தாத்தா சொன்னது சரிதான் போல" என்றாள். அடுத்து வந்தது காஸ்டெல்லானி, ஸ்ட்ரோட்ஸி: 126. ரிடோல்ஃபி, ஸ்ட்ரோட்ஸி: 119. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். இருபதையும் கூட்டினால் 1146. ஒரு நூலுக்குச் சராசரி 57.3.

57.3 என்றால் அதிகமா, குறைவா? தனியாக ஒரு எண்ணைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. எதோடாவது ஒப்பிட வேண்டும். 16 வீட்டில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 120 ஜோடி வரும். நூல் இருக்கிறதோ இல்லையோ, அத்தனை ஜோடிக்கும் இடைவெளி பார்த்தால் சராசரி எவ்வளவு? இதை நான் கம்ப்யூட்டரில் போட்டேன், 120 கழித்தலுக்குக் கயல் சம்மதிக்கவில்லை. விடை 38.1.

கல்யாணம் செய்துகொண்ட வீடுகளுக்கு நடுவே 57. சும்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஜோடிக்கு 38. அந்தஸ்து பார்த்தது போலவே தெரியவில்லை. தலைகீழாக அல்லவா இருக்கிறது!

"அப்ப பணக்காரங்க தங்களைவிட இல்லாத வீடாப் பார்த்துத் தேடிப் போயிருக்காங்க, இல்ல மாமா?"

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். நிறையப் பெரியவர்களே இங்கே வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

"இது தற்செயலா வந்திருக்கலாமான்னு முதல்ல பாப்போம். நூலைத் தொடாதே. சீட்டை மட்டும் எல்லாம் எடுத்துக் கலைச்சுப் போடு."

சீட்டுகளைச் சீட்டாட்டக்காரர் மாதிரி கலைத்து, ஒவ்வொரு கொட்டைக்கும் கண்ணை மூடி ஒன்று வைத்தாள். இப்போது மெடிச்சிக்கு 27 வந்தது. ஸ்ட்ரோட்ஸிக்கு வெறும் 10. லாம்பெர்டெஸ்கிக்கு 3. பெரிய சீட்டு 146 போய் ஜினோரி வீட்டில் உட்கார்ந்தது. 103 பார்படோரிக்கு. மறுபடி இருபது கழித்தல். கூட்டினால் 644. சராசரி 32.2. இப்படி ஆயிரம் தடவை கலைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு சராசரி கிடைக்கும். சிலது 30, சிலது 45. அந்தச் சராசரிகளெல்லாம் 38-ஐச் சுற்றியே குவியும். நம்முடைய உண்மையான 57 அந்தக் குவியலில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் புள்ளியியலார் செய்கிற சோதனை. கம்ப்யூட்டருக்கு ஆயிரம் தடவை கலைப்பது கண் சிமிட்டும் வேலை.

ஆனால் கயல் இரண்டாம் தடவை கலைக்கவில்லை. ஜினோரி கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, 146 இங்க வந்ததால ஒரே ஒரு நூல்லதான் பெரிய எண் வந்துச்சு. ஜினோரிக்கு ஒரு நூல்தானே. முன்னாடி 146 ஸ்ட்ரோட்ஸிகிட்ட இருந்தப்ப நாலு நூல்லயும் பெரிய எண் வந்துச்சு."

இதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவளே பிடித்துவிட்டாள். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஸ்ட்ரோட்ஸி 146. அதற்கு அடுத்தது மெடிச்சி 103. அதற்கும் அடுத்தது 55. நடுவே ஆளே இல்லை. ஊரிலேயே உயரமான ஒருவர் யார் தோளில் கை போட்டாலும் உயர வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும். அவர் குள்ளமானவர்களைத் தேடிப் போனார் என்றா அதற்கு அர்த்தம்? அவர் உயரத்துக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவருக்கு நண்பர்களும் நிறைய இருந்துவிட்டால் மொத்தக் கணக்கையும் அவர் ஒருவரே இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

இதையும் சோதித்தோம். மெடிச்சியின் 6 சம்பந்திகளோடு உள்ள இடைவெளியின் சராசரி 72.0. சரி, மெடிச்சி ஊரில் உள்ள மற்ற 15 வீட்டோடும் சம்பந்தம் செய்திருந்தால்? 70.2. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஸ்ட்ரோட்ஸியைப் பாருங்கள். 4 சம்பந்திகளோடு 111.0. பதினைந்து வீட்டோடும் என்றால் 110.3. இன்னும் நெருக்கம். சொத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டு வீடும் ஏழை வீட்டைத் தேடவும் இல்லை, பணக்கார வீட்டைத் தேடவும் இல்லை. சீட்டுக் குலுக்கி எடுத்தது போலத்தான் சம்பந்திகளின் சொத்து இருக்கிறது. 57 என்ற அந்தப் பெரிய எண்ணில் முக்கால்வாசி இந்த இரண்டு வீட்டின் 10 நூலிலிருந்து வந்தது. சொத்து அதிகம் உள்ள இவர்களுக்கு நூலும் அதிகம்.

இரண்டும் வேறு வேறு கேள்வி. "பணம் அதிகம் இருந்தால் சம்பந்தம் அதிகமா?" என்பது ஒன்று. "பணம் சமமாக இருந்தால் சம்பந்தம் அதிகமா?" என்பது இன்னொன்று. இடைவெளியை மட்டும் அளந்தால் முதல் கேள்வியின் விடை வந்து இரண்டாவது கேள்வியின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. நாமும் அடையாளம் தெரியாமல் வணக்கம் வைத்துவிடுகிறோம்.

கயல் சும்மா விடுகிற ஆள் இல்லை. "அந்த ரெண்டு வீட்டையும் எடுத்துட்டுப் பாப்போம்" என்றாள். இரண்டு கொட்டையும் அவற்றின் 10 நூலும் மேசையை விட்டுப் போயின. மிச்சம் 14 வீடு, 10 நூல். நூல்களின் சராசரி இடைவெளி 27.0. 14 வீட்டின் எல்லா ஜோடிகளுக்கும் 20.9. பெரிய வித்தியாசம் 19-லிருந்து 6-ஆகச் சுருங்கிவிட்டது. அந்த 6 எங்கிருந்து வருகிறது? பத்து நூலில் நான்கு, 8 மட்டுமே வைத்திருக்கும் குவாடானி வீட்டுடையது. அதையும் எடுத்துப் பார்த்தால் மிச்ச ஆறு நூலின் சராசரி 22.0. மிச்ச ஜோடிகளின் சராசரி 20.2. வித்தியாசம் கரைந்தே போனது. குவாடானி வீட்டார் நிஜமாகவே தங்களைவிட வசதியான இடமாகப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரு வீட்டை வைத்து ஊர் வழக்கம் இது என்று சொல்ல முடியாது.

இப்படி ஒவ்வொரு கொட்டையாக எடுத்து எடுத்துப் பார்ப்பது மேசைக்குச் சரி. ஆயிரம் கணு உள்ள படத்துக்கு நடக்காது. அதனால் அறிஞர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பழைய ரேடியோ பெட்டியில் திருகுகிற குமிழ்கள் இருக்குமே, அந்த மாதிரி மூன்று குமிழ் உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்த இரண்டு வீட்டின் பெயரைச் சொன்னாலும், அவர்களுக்குள் சம்பந்தம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்ல வேண்டும். முதல் குமிழ், ஊரில் பொதுவாக எவ்வளவு நூல் என்பதற்கு. இங்கே 120-க்கு 20, அதாவது ஆறில் ஒன்று. இரண்டாவது குமிழ், இரண்டு வீட்டின் சொத்தையும் கூட்டினால் வருவதற்கு. மூன்றாவது, கழித்தால் வருவதற்கு. பெட்டி சொல்லும் படம் உண்மையான படத்தோடு எவ்வளவு பொருந்த முடியுமோ அவ்வளவு பொருந்தும்வரை மூன்றையும் சேர்த்தே திருக வேண்டும். கூட்டல் குமிழை வைக்காமல் கழித்தல் குமிழை மட்டும் வைத்தால் கயலின் முதல் முடிவுதான் கிடைக்கும். கூட்டலும் கூடவே இருந்தால், "பணக்கார வீட்டுக்கு நூல் அதிகம்" என்கிற பங்கை அது எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் கழித்தல் குமிழ் திரும்பினால்தான், வித்தியாசத்துக்கு என்று தனி வேலை இருப்பதாக அர்த்தம்.

இந்தப் பெட்டியின் முழுப் பெயர் எக்ஸ்பொனென்ஷியல் ரேண்டம் கிராஃப் மாடல். வாய்க்குள் நுழையாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் இரண்டு தடவை சொன்னால் ஒரு தடவை உளறும். ஸ்டாட்நெட் என்ற இலவச மென்பொருளில் இந்தக் குமிழ்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. ஃபுளோரன்ஸ் வீடுகளும் பயிற்சிக்காக அதன் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு குமிழை மட்டும் வைத்துத் திருகினால், இரண்டு வீட்டின் மொத்தச் சொத்தில் ஆயிரம் லீரா கூடினால் சம்பந்தத்தின் வாய்ப்பு விகிதம் சுமார் ஒரு சதவீதம் ஏறுகிறது என்று வரும். கேட்கும்போது சின்ன எண்தான். ஆனால் புச்சிக்கும் ஸ்ட்ரோட்ஸிக்கும் நடுவே 143 ஆயிரம் இருக்கிறதே! ஒவ்வொன்றாக ஏறினால் நான்கு மடங்கையும் தாண்டும்.

மூன்றாவது குமிழையும் சேர்த்தால்? இங்கே ஒரு சங்கடம். நம் படத்தில் பெரிய சொத்து இரண்டே வீட்டில்தான் இருக்கிறது. அவர்கள் வந்தால் கூட்டலும் பெரிதாகிறது, கழித்தலும் பெரிதாகிறது. இரண்டு குமிழும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்தே திரும்புகின்றன. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல 16 வீடு போதாது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது, இதைக் கயல் சீட்டை அடுக்கும்போது கவனித்தாள். பிஸ்கேரி 44, பெருட்ஸி 49. வித்தியாசம் 5. புச்சி 3, குவாடானி 8. இங்கேயும் வித்தியாசம் 5. கழித்தல் இரண்டையும் ஒன்றென்கிறது. நிஜத்தில் ஒன்றா? உன்னிடம் 44 ரூபாய், உன் தோழியிடம் 49 ரூபாய் என்றால் இருவரும் ஒரே கடையில் ஒரே தின்பண்டம் வாங்கலாம். உன்னிடம் 3 ரூபாய், அவளிடம் 8 ரூபாய் என்றால் அவளிடம் இருப்பது உன்னுடையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால் பணம் மாதிரி விஷயங்களில் கழிப்பதற்குப் பதிலாக, எத்தனை மடங்கு என்று பார்ப்பது பல நேரம் புத்திசாலித்தனம். வயதுக்குக்கூட இது கொஞ்சம் பொருந்தும். 40 வயதுக்காரருக்கு 43 வயதுக்காரர் சமவயது. 4 வயதுக் குழந்தைக்கு 7 வயதுப் பிள்ளை பெரிய அண்ணன்.

கழித்துவிட்டுப் பெரியது எது, சிறியது எது என்பதை மறந்துவிடுவதும் எப்போதும் சரியில்லை. கல்யாணத்தில் இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று சம்பந்தி, நூலுக்குத் திசை கிடையாது, அதனால் மறக்கலாம். சந்தேகம் கேட்பது அப்படியா? அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் இருந்த ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் 71 வழக்கறிஞர்கள் யாரிடம் யார் ஆலோசனை கேட்கிறார்கள் என்பதை இமானுவேல் லசேகா என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் ஆராய்ந்தார். இளையவர் மூத்தவரிடம் போய்க் கேட்பார், மூத்தவர் இளையவரிடம் அவ்வளவாகப் போக மாட்டார். அம்பு மேல்நோக்கியே பாய்ந்தது. அங்கே 'வித்தியாசம் 10 வருஷம்' என்று மட்டும் எழுதி வைத்தால் பாதிக் கதை தொலைந்துவிடும். கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மணி ஒன்பதாகிவிட்டது. என் தங்கை வந்து, "மேசையைக் காலி பண்ணுங்க, தோசை ஊத்தப் போறேன்" என்றாள். கயல் புளியங்கொட்டைகளை அள்ளப் போனவள் கையை நிறுத்தினாள்.

"மாமா, இங்க பாருங்க. ஸ்ட்ரோட்ஸி 146, மெடிச்சி 103. வித்தியாசம் 43தான். ரெண்டு பேருக்கும் நூல் இருக்கே, அதுல எதைப் பார்த்தாலும் இதைவிடப் பெருசு. அந்தஸ்துன்னு பார்த்தா இவங்க ரெண்டு பேரும்தானே சம்பந்தி ஆகியிருக்கணும்? நடுவுல நூலே இல்லையே!"

உண்மைதான். மெடிச்சியின் ஆறு நூலில் மிகச் சிறிய இடைவெளி பார்படோரியோடு 48. ஸ்ட்ரோட்ஸிக்கு பெருட்ஸியோடு 97. ஒருவருக்கொருவர் 43. எல்லாரையும்விட நெருங்கியவர்களுக்கு நடுவே மேசை வெறுமையாக இருந்தது.

"ரெண்டு பேரும் எதிர் அணி. 1433-ல மெடிச்சி வீட்டுத் தலைவர் கோசிமோவை ஊரைவிட்டே துரத்தினாங்க. அடுத்த வருஷமே அவர் திரும்பி வந்துட்டார். வந்ததும் ஸ்ட்ரோட்ஸி வீட்டுத் தலைவர் பல்லாவை நாடு கடத்தினாங்க. 1427 கணக்குப்படி ஊர்லயே பெரிய பணக்காரர் அவர்தான்."

"சீட்டுல அது எழுதலையே."

"எழுதலை. சீட்டுல சொத்து மட்டும்தானே எழுதினோம்."

"அப்புறம் கடைசி வரைக்கும் சம்பந்தமே இல்லையா?"

"இருந்துச்சு. 1508-ல ஒரு ஸ்ட்ரோட்ஸி பையனுக்கும் மெடிச்சி வீட்டுப் பொண்ணு கிளாரிச்சேக்கும் கல்யாணம் பேசினாங்க. அந்தச் சமயத்துல நாடு கடத்தப்பட்டு வெளியில இருந்தது மெடிச்சி வீட்டார். அவங்களோட சம்பந்தம் வச்சதுக்கு மாப்பிள்ளைக்கு அபராதம் போட்டாங்க."

கயல் நூல்கண்டை எடுத்து ஒரு சாண் அறுத்தாள்.

"அது இந்தப் படத்துல வராது, கயலு. இது 1400-களோட ஆரம்பம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். நூலைக் கீழே வைத்துவிட்டு, மேசை விரிப்பின் மேலேயே பென்சிலால் இரண்டு கொட்டைக்கும் நடுவே புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு வரைந்தாள். தோசைத் தட்டோடு வந்த என் தங்கை விரிப்பைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.